ஏஐ எழுதிய கோட் சரி என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

பம்பலப்பிட்டி_பக் | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஒரு சின்ன அணி. கம்பனிகளுக்கு ஆளணி, சம்பள மென்பொருள் செய்து கொடுக்கிறோம். இப்போது அணியில் எல்லோரும் ஏஐ பாவிக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் எனக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை.

போன கிழமை ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது புதுக் கோடை எங்கள் கோடோடு சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம், வந்தது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் வர வேண்டும். எங்கள் தம்பி ஒருவர் ஏஐயைக் கொண்டு எழுதுவித்தார். ஒன்பது இலக்கமும் வி எழுத்தும் உள்ள பழைய அட்டை, 2016இல் இருந்து வரும் பன்னிரண்டு இலக்க அட்டை, இரண்டையும் அது கையாள்கிறது. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கிறது. கூடவே ஒரு கட்டுச் சோதனைகள். எல்லாம் பச்சை, கவரேஜ் (சோதனைகள் ஓட்டிப் பார்த்த வரிகளின் அளவு) நூறு வீதம், கொமென்ட் எல்லாம் வடிவாக இருக்கிறது.

மேர்ஜ் பண்ண, அதாவது எங்கள் கோடோடு சேர்க்க, முதல் சும்மா என்னுடைய இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். பிறந்த நாள் ஒரு நாள் தள்ளி வந்தது.

காரணம் இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். நமது அட்டையில் எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றுதான் கணக்கு. 1990 மார்ச் 1 நாட்காட்டிப்படி 60ஆவது நாள். அட்டையில் 061, பெண் என்றால் 561. வந்த கோட் 61ஆவது நாள் எது என்று நாட்காட்டியில் பார்த்து மார்ச் 2 என்கிறது. டிசம்பர் 31 பிறந்தவருக்கு அட்டையில் 366. அவர் அடுத்த வருடத்துக்கே போய்விடுகிறார். லீப் வருடத்துக்காரருக்கும், ஜனவரி பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கும் எல்லாம் சரியாக வருகிறது. அதனால்தான் மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது.

பிழை வருவது வழமை. என்னை உறுத்துவது அந்தச் சோதனைகள். மார்ச் 2 தான் சரியான விடை என்று அவற்றிலும் எழுதியிருக்கிறது. கோட் எழுதிய அதே மண்டை விடைத்தாளையும் எழுதினால் பச்சை வராமல் வேறென்ன வரும்? நீங்கள் எல்லோரும் இதற்கு என்ன செய்கிறீர்கள்?

இரவு_வேலை | திங்கள், இரவு 9.31

மனிதர் எழுதினாலும் இதே பிழை வரும்தானே? இணையத்தில் கிடக்கும் அடையாள அட்டை கோட் பலவற்றில் இந்த 29 நாள் கதையே கிடையாது. அதைப் பார்த்துப் படித்த ஏஐ மேல் ஏன் பழி? ஒழுங்காக ரிவியூ பண்ணுங்கள், மேர்ஜ் பண்ணுங்கள், வீட்டுக்குப் போங்கள்.

மருதானை_நானா | திங்கள், இரவு 10.05

தம்பி இரவு_வேலை, பிழை ஒன்றுதான், ஓம். ஆனால் அதைப் பிடிக்கிற விதம் மாறிவிட்டது. நான் கன காலமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். முன்பு ஒரு பொடியன் எழுதிய கோடைத் திறந்தால் அவனுக்கு எங்கே விளங்கவில்லை என்பது பார்த்த உடனே தெரியும். மாறிக்குப் பெயர் டெம்ப்2 என்று இருக்கும். ஒரே இஃப் மூன்று இடத்தில் வரும். 'பிறகு பார்க்க' என்று ஒரு கொமென்ட் கிடக்கும். கண் தானாக அங்கே போகும். ஏஐ எழுதியதில் அதற்குத் தெரிந்த இடமும் தெரியாத இடமும் ஒரே வழவழப்பு. ரிவியூ பண்ணுபவனுக்குப் பிடி கிடைக்காது. பொடியன் என்றால் பக்கத்துக் கதிரைக்குத் திரும்பி 'நானா, என்னுடைய அட்டையில் ஏன் ஒரு நாள் கூடவாக இருக்கு?' என்றாவது கேட்பான்.

பக் தம்பிக்கு: உதாரணம் உதாரணமாகச் சோதனை எழுதுவதை ஏஐயிடம் விட்டுவிட்டு, நீங்கள் பண்புகளை எழுதுங்கள். எந்த உள்ளீடு வந்தாலும் எது மாறக்கூடாது என்று ஒரு வரியில் சொன்னால், அதை உடைக்கிற உள்ளீட்டைக் கருவி தானே தேடும். ஹாஸ்கல் மொழியில் 2000ஆம் ஆண்டு குயிக்செக் என்ற கருவி வந்ததில் இருந்து இருக்கிற பழைய விசயம்தான். பைத்தனில் ஹைப்போதெசிஸ் இருக்கிறது.

எங்களுக்கு அது பிடித்துத் தந்த ஒன்றைச் சொல்கிறேன். முகவரி தேடும் பகுதி. 'சேமித்ததைத் தேடினால் கிடைக்க வேண்டும்', இவ்வளவுதான் பண்பு. ஏஐ எழுதிய சோதனைகளில் எல்லா முகவரியும் ஆங்கில எழுத்தில் இருந்தன. நாங்கள் தமிழ் எழுத்துகளையும் கலந்து உற்பத்தி பண்ண விட்டோம். கொஞ்ச நேரத்தில் 'கொட்டாஞ்சேனை' விழுந்தது. யூனிகோடில் 'கொ' என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பு தனியாகக் கால் தனியாக இரண்டு குறியீடாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணனிக்கு இரண்டு வேறு சொல். ஒப்பிட முதல் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி இயல்பாக்கவில்லை. அதே மென்பொருளில் பெயரை 20 பைட்டில் வெட்டுகிற ஓர் இடமும் இருந்தது. 'கொழும்பு' மட்டுமே யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 24 பைட். கடைசி எழுத்துப் போய்விடும்.

உங்களுக்கு: திகதியை இலக்கமாக்கி, இலக்கத்தைத் திரும்பத் திகதியாக்கினால் அதே திகதி வர வேண்டும். இதை எல்லா நாளுக்கும் ஓட விடுங்கள்.

லீன்_பைத்தியம் | திங்கள், இரவு 10.44

நானா, முகவரிக் கதை அருமை. ஆனால் கடைசியாகச் சொன்ன பண்பு பக் அண்ணாவின் பிழையைப் பிடிக்காது.

போகும் வழியையும் வரும் வழியையும் ஏஐயே எழுதினால் இரண்டிலும் பெப்ரவரிக்கு 28 நாள்தான் இருக்கும். மார்ச் 1 போய் 060 ஆகும், 060 திரும்பி மார்ச் 1 ஆகும். எல்லா நாளும் பாஸ். கோட் தனக்குத் தானே முரண்படாமல் இருக்கிறது, அவ்வளவுதான். வெளியே அட்டை கொடுக்கிற ஆட்பதிவுத் திணைக்களம் ஒன்று இருக்கிறது என்பது அந்தப் பண்புக்குத் தெரியாது.

மருதானை_நானா | திங்கள், இரவு 10.58

சரியான பிடி. வெளியே இருந்து ஓர் உரைகல் வேண்டும் என்று ஆகிறது. அது இல்லாமல் ஆயிரம் சோதனை போட்டும் பயனில்லை.

ஆனால் அதற்கு முதல் ஒரு மலிவான வேலை இருக்கிறது. சோதனைகளுக்கு உண்மையில் பல் இருக்கிறதா என்று பார்க்க, கோடை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். பெரிது என்பதைப் பெரிது அல்லது சமம் ஆக்குங்கள். 500ஐ 499 ஆக்குங்கள். ஒரு சோதனையும் சிவப்பாகவில்லை என்றால் அந்தச் சோதனைகள் அலங்காரம். ஜாவாவுக்குப் பிட், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கர் என்று தானாகச் செய்கிற கருவிகள் இருக்கின்றன. கவரேஜ் நூறு வீதம் என்றால் அந்த வரி ஓடியது என்று மட்டும்தான் அர்த்தம். விடையை யாராவது பார்த்தார்களா என்பதை அது சொல்லாது.

இதில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். ஏஐயின் கோட் திறமையை அளக்க 2021இல் ஓபன்ஏஐ 164 கணக்குகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் சராசரி எட்டுக்கும் குறைவான சோதனைகள். 2023இல் வேறு ஆய்வாளர்கள் அதே கணக்குகளுக்குச் சோதனைகளை 80 மடங்காகக் கூட்டினார்கள். முன்பு சரி என்று எண்ணப்பட்ட விடைகளில் நிறைய விழுந்துவிட்டன. விடை மாறவில்லை, பார்த்த கண்தான் மாறியது.

சம்பளச்சீட்டு | செவ்வாய், காலை 7.50

நான் கோட் எழுதுவதில்லை. சம்பளக் கணக்குப் பக்கம். மென்பொருள்காரர் எழுதுவதைச் சரிபிழை பார்த்துக் கையெழுத்து வைக்கிற ஆள். தம்பிமார் நேற்றிரவு கதைத்த 'வெளி உரைகல்' எங்கள் அலுமாரியில் எப்போதும் இருக்கிறது. யாரும் வந்து கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

புதிய சம்பள மென்பொருள் வந்தால் பழையதை உடனே நிறுத்த மாட்டோம். இரண்டிலும் அதே மாதச் சம்பளத்தைப் போட்டு, ஆளுக்கு ஆள் ஒரு சதம் வரை ஒப்பிடுவோம். வித்தியாசம் வந்தால் எது பிழை என்று கையால் போட்டுப் பார்ப்போம். சில தடவை பழையதுதான் பிழையாக இருக்கும், அது வேறு கதை. ஏஐ வந்து நாட்டை ஆள முதலே கணக்காளர் செய்து வந்த வேலை இது. இதற்கு மிஞ்சிய சோதனையை நான் இன்னும் காணவில்லை.

சமீபத்தில் ஒரு கம்பனிக்கு வந்த மென்பொருளில் கண்டவற்றைச் சொல்கிறேன். கம்பனி பெயர் வேண்டாம். எழுதியது ஏஐ என்று அவர்களே பெருமையாகச் சொன்னார்கள்.

ஒன்று, ஓவர்டைம். அடிப்படைச் சம்பளம் 80,000, ஓவர்டைம் 15,000. ஈபிஎஃப்புக்கு, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு, ஓவர்டைம் சேராது. ஊழியர் பங்கு 8 வீதம், 6,400 வர வேண்டும். மென்பொருள் 95,000க்கும் பார்த்து 7,600 வெட்டியது. முதலாளியின் 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அதே கணக்கில் ஏறின. கோடில் 'மொத்த வருமானம்' என்று வடிவான ஒரு மாறி இருந்ததாம். மொத்தம் என்றால் எல்லாவற்றையும் கூட்டுவதுதானே என்று அது கூட்டிவிட்டது.

அடுத்தது வரி. மாதம் 200,000 எடுக்கிற ஒருவருக்கு ஏபிஐடி, அதாவது சம்பளத்தில் வெட்டுகிற வருமான வரி, 10,500 என்று வந்தது. அது 2025 மார்ச் வரைக்கும் சரி. ஏப்ரலில் இருந்து வருட விலக்கு 1,200,000இல் இருந்து 1,800,000 ஆகிவிட்டது, முதல் படியும் பெருத்துவிட்டது. மாதம் 150,000க்கு மேலே உள்ள 50,000க்கு 6 வீதம், 3,000 ரூபாய்தான். ஏஐ படித்த காலத்தில் பழைய அட்டவணைதான் எங்கும் இருந்திருக்கும். அது பொய் சொல்லவில்லை, பழைய பேப்பரை வாசித்திருக்கிறது. ஆனால் சம்பளத்தில் 7,500 குறைந்தவருக்கு அந்த விளக்கம் எதற்கு?

அட்டவணையைக் கோடுக்குள் எழுத விடாதீர்கள். வெளியே ஒரு கோப்பில், எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை என்று போட்டு வையுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வெளியிடும் அட்டவணையைப் பார்த்து அந்தக் கோப்பை ஒரு மனிதர் நிரப்பட்டும், இன்னொரு மனிதர் சரிபார்க்கட்டும். அதை ஏஐயிடம் கொடுக்க வேண்டாம், தயவுசெய்து.

பம்பலப்பிட்டி_பக் | செவ்வாய், காலை 8.20

அக்கா, இது தனி இழையாகவே வர வேண்டிய விசயம். ஓவர்டைம் உதாரணத்தை இப்போதே எங்கள் கோடில் ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

சாத்திரம்_செயலி | செவ்வாய், பகல் 12.35

உரைகல் என்றதும் என் பங்குக்கு ஒன்று. நான் ஓய்வு நேரத்தில் ஒரு சாதகம் கணிக்கிற செயலி செய்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.

பிறந்த நேரத்தை உலக நேரத்துக்கு மாற்றுகிற வரியில் ஏஐ ஐந்தரை மணித்தியாலத்தைக் கழி என்று நேராகவே எழுதியிருந்தது. இலங்கை நேரம் ஐந்தரை, யார் சந்தேகப்படுவார்? கொட்டாஞ்சேனையில் ஒரு சாத்திரியாரிடம் காட்டினேன். தன் கொப்பியில் இருந்து 2001இல் பிறந்த ஒரு பிள்ளையின் சாதகத்தை எடுத்து ஒப்பிட்டார். லக்கினம் மாறி நின்றது. 'அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரை மணி கழித்துப் பார்க்க வேணும் தம்பி' என்றார்.

1996 மே மாதத்தில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தார்கள், ஆறரை ஆனது. ஒக்ரோபரில் ஆறு ஆக்கினார்கள். 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரை. லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுகிற சாமான் என்பதால் அரை மணி நேரப் பிழை சின்ன விசயமில்லை. இத்தனைக்கும் பெரும்பாலான கணனிகளில் இருக்கிற நேர வலயத் தரவுத்தளத்தில் கொழும்பு என்ற பதிவில் இந்த மாற்றங்கள் எல்லாம் உள்ளன. அதைப் பாவிக்கிற கோட் நூலகத்தைக் கூப்பிட்டிருந்தால் போதும். வன்னியில் அந்த மாற்றத்தையே ஏற்காமல் பழைய நேரத்தில் இருந்தவர்கள் கதை வேறு. அதற்கு எந்த நூலகமும் உதவாது, பிறந்த இடத்தைக் கேட்க வேண்டும்.

வங்கி, காப்புறுதிப் பழைய தரவுகளை மாற்றுகிறவர்கள் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீன்_பைத்தியம் | செவ்வாய், மாலை 6.15

என் பெயரைப் பார்த்தாலே என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். சொல்லிவிட்டே போகிறேன்.

சோதனை என்பது கொடுத்த உள்ளீடுகளுக்கு மட்டும்தான். நிறுவல், அதாவது கோட் சரி என்று கணித முறையில் நிரூபிப்பது, எல்லா உள்ளீட்டுக்கும். முன்பு அதன் விலை யானை விலை. 2009இல் எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கருவை அவுஸ்திரேலியாவில் நிறுவி முடித்தார்கள். சுமார் 8,700 வரி சி நிரலுக்கு ஏறத்தாழ 200,000 வரி நிறுவல். யார் இருந்து எழுதுவது? இப்போது அந்த மினக்கெட்ட வேலையை ஏஐயே எழுதுகிறது. எழுதியவர் யார் என்று நாம் கவலைப்படவே தேவையில்லை. லீன், டாஃப்னி போன்ற நிறுவல் கருவிகளில் நிறுவலைச் சரிபார்க்கிற பகுதி தனியாக இருக்கிறது. நிறுவல் பிழை என்றால் அது ஏற்காது, எவ்வளவு வடிவாக எழுதினாலும் ஏற்காது. நேற்று நானா சொன்ன வழவழப்பு அங்கே செல்லாது.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். டாஃப்னியில் 'பொய் உண்மை என்று வைத்துக்கொள்' என்று ஓர் ஊகத்தைப் போட்டுவிட்டால் அதன் பிறகு எதையும் நிறுவலாம். லீனில் 'சொறி' (sorry) என்று ஒரு சொல் இருக்கிறது, நிறுவாமல் தாண்டிப் போவதற்கு. ஏஐ அவதிப்பட்டால் இரண்டையும் பாவிக்கும். ஆகவே அந்தச் சொற்கள் இருந்தால் பில்ட் (கோடைத் தொகுத்து உருவாக்கும் வேலை) விழ வேண்டும் என்று வைத்துவிடுங்கள்.

மற்றது, எதை நிறுவச் சொல்கிறோம் என்பது. வரிசைப்படுத்தும் ஒரு ஃபங்ஷனுக்கு 'விடை ஏறுவரிசையில் இருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் இல்லாத பட்டியலைத் திருப்பித் தந்தாலும் நிறுவல் பாஸ். உள்ளே வந்த சாமான் எல்லாம் வெளியேயும் இருக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

இரவு_வேலை | செவ்வாய், மாலை 6.40

அடையாள அட்டைக்கு எதை எழுதி நிறுவுவீர்கள்? 'நாள் எண் என்பது வருடத்தின் எத்தனையாவது நாள்' என்று எழுதுவீர்கள். நிறுவல் பாஸ், பக் அண்ணாவுக்குப் பிறந்த நாள் இன்னும் பிழை.

லீன்_பைத்தியம் | செவ்வாய், மாலை 6.52

ஓம், அதை மறுக்கவில்லை. பெப்ரவரி 29 என்ற அந்த ஒரு வரியை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. தெரிந்தவர் சொல்ல வேண்டும். ஆனால் சொன்ன பிறகு அது கோட் முழுக்க மதிக்கப்படுகிறதா என்பதை நிறுவல் பார்த்துக்கொள்ளும். வாசிக்க வேண்டியது ஐந்து வரி விவரக்குறிப்பா, ஐநூறு வரி கோடா? ஐந்து வரியைச் சம்பளச்சீட்டு அக்காவிடமே காட்டலாம். அவர் பார்த்துவிட்டு 'ஓவர்டைம் எங்கே தம்பி?' என்று கேட்பார். கோடைக் காட்டினால் அவர் என்ன செய்வார்?

சம்பளச்சீட்டு | செவ்வாய், இரவு 8.10

கண்ணாடியைத் தேடுவேன்.

புதுவரவு_தெமட்டகொடை | செவ்வாய், இரவு 9.05

நான் பயிலுனர், இங்கே முதல் பதிவு. எங்கள் இடத்தில் நடப்பது: சோதனை விழுந்தால், தானாகவே கோடை மாற்றுகிற ஏஐ முகவரிடம் 'பாஸ் ஆக்கு' என்று விட்டுவிடுவார்கள். அது சில நேரம் கோடைத் திருத்தாமல் சோதனையைத் திருத்திவிடுகிறது. ஒருக்கால் எதிர்பார்க்கும் விடையைக் கோடுக்குள்ளேயே நேரடியாக எழுதி வைத்திருந்தது. நான் சொன்னால் 'பச்சைதானே' என்கிறார்கள். இதற்கு என்ன செய்யலாம், அண்ணாமார்?

மருதானை_நானா | செவ்வாய், இரவு 9.30

தங்கச்சி, நீங்கள் அதைக் கண்டதே பெரிய விசயம். சோதனைக் கோப்புறையை முகவர் தொட முடியாமல் பூட்டச் சொல்லுங்கள். வாசிக்கலாம், எழுத முடியாது. சோதனை மாறும் புல் ரிக்வெஸ்டும் கோட் மாறும் புல் ரிக்வெஸ்டும் தனித்தனி, இரண்டுக்கும் ஒப்புதல் தருபவர் வேறு. கோட் வைக்கிற கிட்ஹப் தளத்தில் எந்தக் கோப்புறைக்கு யார் ஒப்புதல் வேண்டும் என்று வைக்கலாம், ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. அது இறக்கச் சொல்லும் பொதிகளின் (மற்றவர்கள் எழுதி வெளியிட்ட கோட் தொகுப்புகளின்) பெயரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இல்லாத பொதியை இருக்கிற மாதிரிச் சொல்லும். 16 ஏஐ மாதிரிகளை வைத்து 576,000 கோட் துண்டுகள் எழுதுவித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2025இல் வந்தது. சொன்ன பொதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லை. அதிலும் பெரும்பகுதி திரும்பத் திரும்ப அதே பெயர். அந்தப் பெயரில் ஒருவன் நஞ்சு வைத்த பொதியைப் பதிந்து வைத்தால் முடிந்தது கதை.

இரவு_வேலை | செவ்வாய், இரவு 10.20

எல்லாம் சரி. பூட்டு, பண்பு, நிறுவல், பழைய சம்பளச்சீட்டு. இவ்வளவும் செய்தால் ஏஐ மிச்சம் பிடித்த நேரம் எங்கே? வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை கேட்கிறார்.

லீன்_பைத்தியம் | செவ்வாய், இரவு 10.41

மிச்சம் பிடித்ததா என்பதே கேள்வி. 2025இல் அனுபவமுள்ள 16 பேரை, அவர்கள் நன்றாக அறிந்த திறமூலத் திட்டங்களில், 246 வேலைகளில் வைத்து அளந்தார்கள். ஏஐ பாவித்தபோது 19 வீதம் கூட நேரம் எடுத்தது. கேட்டால் 20 வீதம் கெதியாக முடித்தோம் என்கிறார்கள். சின்ன ஆய்வுதான், கருவிகளும் மாறுகின்றன. ஆனால் 'கெதி' என்று நமக்குத் தோன்றுவதை நான் நம்புவதில்லை.

மருதானை_நானா | செவ்வாய், இரவு 10.55

எல்லாவற்றுக்கும் எல்லாம் வேண்டாம் தம்பி. பொத்தானின் நிறம் பிழைத்தால் பார்த்த உடனே தெரியும், விடுங்கள். காசு, திகதி, ஆளின் அடையாளம், யாருக்கு எதைப் பார்க்க அனுமதி, இந்த நான்கும் பிழைத்தால் மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாது. மினக்கெடுவதை அங்கே மினக்கெடுங்கள்.

பம்பலப்பிட்டி_பக் | புதன், மாலை 5.30

அக்கா, எங்களுடையதில் ஓவர்டைம் ஈபிஎஃப்பில் சேரவில்லை, நல்ல காலம். ஆனால் வரி அட்டவணை கோடுக்குள்தான் இருந்தது. வெளியே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அடையாள அட்டைக்கு இப்படி யோசிக்கிறேன். அலுவலகத்தில் எல்லோரிடமும் அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் வாங்கி அதையே சோதனையாக வைப்பது. கோடை ஏஐ எழுதட்டும், விடைத்தாள் அட்டையில் இருந்து வரட்டும்.

சாத்திரம்_செயலி | புதன், மாலை 5.48

முழு இலக்கத்தை, கோடின் எல்லா மாற்றத்தையும் சேமித்து வைக்கிற கிட்டில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விட்டாலும், ஆட்களின் அட்டை இலக்கத்தை ஏஐ வாசிக்கிற இடத்தில் வைப்பது சரியில்லை. உங்களுக்குத் தேவை வருடமும் நாள் எண்ணும் திகதியும்தானே? '1990, 061, மார்ச் 1' என்று மட்டும் எழுதுங்கள். தொடர் இலக்கத்துக்குப் பூச்சியம் போட்டு நிரப்புங்கள்.

பம்பலப்பிட்டி_பக் | புதன், மாலை 6.02

நல்லது, அப்படியே செய்கிறேன். லீப் அல்லாத வருடத்தில் மார்ச்சுக்குப் பிறகு பிறந்தவர்கள், லீப் வருடத்தவர்கள், டிசம்பர் 31 யாராவது இருந்தால் அவர், ஆண் பெண் இரண்டும். ஒரு கேள்வி மிச்சம். லீப் அல்லாத வருடத்தில் 060 என்று வந்தால்? பெப்ரவரி 29 இல்லாத வருடம். தம்பியின் கோட் பேசாமல் மார்ச் 1 என்று கொடுத்துவிடுகிறது.

சம்பளச்சீட்டு | புதன், மாலை 6.25

அப்படி ஒருவர் பிறந்திருக்க முடியாது. இலக்கத்தைத் தட்டியவர் பிழையாகத் தட்டியிருப்பார், அநேகமாக 061 அல்லது 069. ஊகித்து ஒரு திகதியைப் போடாமல் நிறுத்தி, அட்டையைத் திரும்பப் பார்க்கச் சொல்லட்டும். ஓய்வு பெறும் திகதியை அதில் இருந்துதான் எடுப்பீர்கள் என்றால் பிறப்புச் சான்றிதழையும் கேளுங்கள்.